பூக் கேட்ட பாடம்

படிவத்தில் ஒரே ஒரு கோடுதான் காலியாக இருந்தது. விருப்பப் பாடம் என்று அச்சடித்து அதன் எதிரே ஒரு கோடு. லோகப்பிரியா அதில் பென்சிலால் தொழிலாளர் சட்டம் என்று எழுதியிருந்தாள். புதன்கிழமை அழித்தாள். வியாழக்கிழமை காலை திரும்ப எழுதினாள். மத்தியானம் மறுபடி அழித்தாள். அந்த இடத்தில் தாள் மெலிந்துபோய், வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருந்த விரல் தெரிந்தது.

ஐந்தாம் ஆண்டுக்கு நான்கு பாடங்கள் வைத்திருந்தார்கள். வரி, கம்பெனி, குற்றவியல், தொழிலாளர். ஒன்றைத்தான் எடுக்கலாம். எடுத்த பாடத்தை மாற்ற முடியாது. திங்கட்கிழமை நாலு மணிக்குள் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். கீழே இரண்டு கையெழுத்து. மாணவருடையது, பெற்றோருடையது.

இஸ்மத் முதல் நாளே வரிச் சட்டம் என்று பேனாவில் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளுடைய அத்தாவுக்கு உக்கடத்தில் இரும்புக் கடை.

"இன்னுமாடி? ரப்பர் தீந்துரும்."

"நீ எப்படி ஒரே நாள்ல முடிவு பண்ணுன?"

"கடைக்கு சேல்ஸ் டாக்ஸ்காரங்க வந்து உக்காந்தா எங்க அத்தா மூணு நாளைக்கு யார்கிட்டயும் பேசமாட்டாரு. வீட்ல ரேடியோகூடப் பாடாது. நான் வரி படிச்சா ரேடியோ பாடும். அவ்வளவுதான் காரணம். உனக்கு என்ன குறைச்சல்?"

குறைச்சல் ஒன்றும் இல்லை. போன வருடமே முடிவு செய்த பாடம் அது. பத்து நாள் ஏதாவது ஒரு நீதிமன்றத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். அவள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனாள். நூற்பாலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பெண் சாட்சிக் கூண்டில் நின்றாள். அந்த ஆலையில் நீங்கள் வேலை செய்ததற்கு என்ன அத்தாட்சி என்று எதிர்வக்கீல் கேட்டார். அவள் துணிப் பையிலிருந்து பதினோரு வருடத்து வருகை அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாள். போதும் என்றார் நீதிபதி. இன்னும் இருக்குதுங்க என்று சொல்லி அவள் வைத்துக்கொண்டே இருந்தாள். லோகப்பிரியா அன்றைக்குக் குறிப்பெடுக்க மறந்துபோனாள்.

அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார் என்றுதான் நினைத்திருந்தாள். செங்கோடன் பல்லடத்துக்குத் தெற்கே பதினாறு விசைத்தறி ஓட்டுகிறவர். தறிக்காரருக்கு எந்தச் சட்டம் பிடிக்கும், எது பிடிக்காது என்று அவளுக்குத் தெரியாதா? வரிச் சட்டம் எடு என்பார். அதற்கு இவள் என்ன சொல்ல வேண்டும், அதற்கு அவர் என்ன சொல்வார் என்று மூன்று வாரமாக மனதுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தாள். பீளமேட்டு விடுதியிலிருந்து காந்திபுரம் போகும் டவுன் பஸ்ஸில், அங்கிருந்து கல்லூரிக்குப் போகும் மருதமலை பஸ்ஸில், போகும்போதும் வரும்போதும் இதே வழக்கு.

புதன்கிழமை சாயங்காலம் விடுதிக்கு போன் வந்தது.

"கண்ணு, அம்மன் கோயல்ல பூக் கேட்டாச்சு. வெள்ளை வந்துருச்சு, ஆத்தா உத்தரவு குடுத்துட்டா."

"எதுக்குங்கப்பா?"

"உன்ற படிப்புக்குத்தான். லேபர் சட்டமே எடு. சனிக்கிழமை வந்துபோட்டுப் போ. கையெழுத்து வேணும்னயில்ல?"

அவள் போனை வைத்தாள். மூன்று வாரம் தயார் செய்த வாதம் ஒன்றுக்கும் வேலை இல்லை. சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. ஆனால் கேட்காமலே கிடைத்தது அவளை உறுத்தியது. அறைக்குப் போய் முதல் முறையாக அந்தக் கோட்டில் எழுதியிருந்ததை அழித்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஊரில் இறங்கியபோது ஆனி மாதக் காற்று ஆளைத் தள்ளியது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று. மூன்று மாதத்துக்கு நிற்காது. தறிக் கொட்டகையின் சத்தம் காற்றில் ஏறியும் இறங்கியும் வந்தது.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். உட்காருவதற்குள் படிவத்தை வாங்கினார். பெரிய எழுத்தில், தாள் அழுந்த, ப.செங்கோடன் என்று போட்டார்.

"நீங்க வரிச் சட்டம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேனுங்கப்பா."

"வரிக்கு ஆடிட்டர் இருக்கறாரு. வருசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துப்போட்டுப் போயிருவாரு. லேபருக்குத்தான் கண்ணு நம்மகிட்ட ஆளில்லை."

அவர் உள்ளே போய் ஒரு ரெக்சின் பையைக் கொண்டுவந்தார். அதிலிருந்து சில தாள்களை எடுத்து, பரிசு கொடுப்பவர் போல அவள் மடியில் வைத்தார்.

தொழிலாளர் அலுவலகத்தின் அறிவிப்பு. நஷ்டஈட்டு மனு. மனுதாரர் தனபால். எதிர்மனுதாரர் செங்கோடன்.

தை மாதத்தில் தனபாலுக்கு அடிபட்டது அவளுக்குத் தெரியும். தறியில் இப்படியும் அப்படியும் ஓடுகிற நாடா தெறித்துக் கண்ணில் லேசாகப் பட்டுவிட்டது என்று போனில் சொன்னார்கள். லேசாக என்றுதான் சொன்னார்கள். மனுவில் வலது கண் பார்வை முற்றிலும் போய்விட்டது என்று இருந்தது. அடுத்த தாள் அப்பா தரப்பின் பதில். மனுதாரர் எதிர்மனுதாரரிடம் எக்காலத்திலும் வேலை செய்தவர் அல்ல. அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

"தனபாலண்ணன் ஆறு வருசமா நம்ம தறியில ஓட்டறாருங்களே."

"ஏட்டுல பேரு இல்லையே. நம்மூர்ல யாரு பேருதான் ஏட்டுல இருக்குது?" அவர் குரலில் கோபம் இல்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டினாயா என்று கேட்பது போலத்தான் கேட்டார். "சென்னகேசவன் வக்கீல் மூணு வாய்தா வாங்கிப்போட்டாரு. எத்தன வாய்தா வேணும்னாலும் வாங்கலாங்கறாரு. இருவத்திநாலாந்தேதி அடுத்தது. அன்னைக்கும் ஒண்ணு வாங்கிரலாம். இப்படியே ஒரு வருசம் ஓட்டிப்போட்டா நீ வந்துருவ. என்ற புள்ள கருப்புக் கோட்டுப் போட்டுட்டு எனக்காக எந்திரிச்சு நின்னாள்னா, அந்த ஆபீசே பாக்கும்."

"எனக்காகத்தான் இழுக்கறீங்களா?"

"பின்ன?"

அடுப்படியிலிருந்து அம்மா நஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். "பஸ்ஸெறங்கி வந்த புள்ளயப் புடிச்சு உக்கார வெச்சுட்டு வழக்குப் பேசறீங்களே. சோறு திங்கட்டுமுங்க."

சாப்பிட்ட பிறகு அவள் கொட்டகைப் பக்கம் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. உள்ளே பதினாறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. பேச முடியாது. சுவரோரம் பழனியாத்தாள் குச்சிகளில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தனபாலின் மனைவி. லோகப்பிரியாவைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தாள்.

"எப்ப வந்தீங்க அம்மணி? எளச்சுப்போயிட்டீங்களே, ஆஸ்டல்ல சோறு போடறாங்களா, கஞ்சி ஊத்தறாங்களா?"

"போடறாங்கக்கா. அண்ணனுக்கு எப்படி இருக்குதுங்க?"

"ஒண்ணு போச்சுங்க. மறு கண்ணும் பொழுதெறங்கினா மங்கலாத் தெரியுதுங்கறாரு. போன வாரம் நெலக்கதவுல முட்டிக்கிட்டாரு. ஏனுங்க, நீங்களே கதவு வெச்ச ஊடு, அதுலயே முட்டிக்கறீங்களேன்னு நானுஞ் சிரிச்சுப்போட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"வழக்கு நடக்கறப்ப இங்கயே வேலைக்கு வாரீங்களே."

"வேறெங்கீங்க போறது? வழக்கு வேற, சோலி வேறன்னு முதலாளி சொல்லிப்போட்டாரு. ஒரு சொல்லு கடிஞ்சு பேசினதில்லீங்க." பழனியாத்தாள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். "அம்மணி படிச்சு வந்ததும் ஒரே நாள்ல முடிச்சுப்போடலாம், அதுவரைக்கும் பொறுத்துக்கங்கன்னாரு. எங்கூட்டுக்காரரும் அதைத்தானுங்க சொல்றாரு. தீவாளிக்குத் துணி குடுக்கற புள்ள, நாயமாத்தான் முடிக்குமுன்னு. அந்த நம்பிக்கையிலதான் நாங்களும் வாய்தாவுக்கு ஒண்ணுஞ் சொல்லாம இருக்கறமுங்க. இன்னும் எத்தன மாசமுங்க அம்மணி?"

லோகப்பிரியா கணக்குப் போட்டாள். "பத்து மாசமுங்கக்கா. பதிவு பண்றதுக்கு ரெண்டு மாசம் சேத்திக்கணும்."

"ஆவட்டுங்க. நீங்க நல்லாப் படிங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். லோகப்பிரியா கொட்டகையைச் சுற்றி நடந்தாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

தீபாவளித் துணியை அவள்தான் கொடுப்பாள். மகள் கை ராசியான கை என்று அப்பா சொல்வார். முதல் நாள் சாயங்காலம் வாசலில் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். வேட்டி, துண்டு, ஒரு பெட்டி மிட்டாய். தனபால் எப்போதும் கடைசி ஆளாக வந்து நிற்பான். எடுக்கும்போது ஒரு வேட்டி குறைந்துபோனால் மற்றவர்களுக்குக் கிடைக்கட்டும் என்பான். ஆறு தீபாவளி.

வரிச் சட்டம் எடுத்தால்? அப்பா வேறு வக்கீலை வைத்து இழுப்பார். தொழிலாளர் சட்டம் எடுத்தால்? அவளுக்காக இழுப்பார். எதை எழுதினாலும் தனபால் அலுவலகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கத்தான் போகிறான். ஒரு கண்ணோடா, அதுவும் இல்லாமலா என்பதுதான் தெரியாது. இரண்டு தரப்பும் தன்னையே நம்பிக் காத்திருக்கின்றன. இப்படி ஒரு வழக்கை எந்தப் புத்தகத்திலும் அவள் படித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து டீ குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் எதிரே போய் நின்றாள்.

"அப்பா, பூக் கேட்டப்ப அம்மன்கிட்ட என்னன்னு கேட்டீங்க?"

"என்னன்னு கேப்பாங்க? என்ற புள்ள லேபர் சட்டம் எடுக்கலாமா ஆத்தான்னு கேட்டேன்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான். ரண்டு கேள்விய ஒண்ணாக் கேக்கக்கூடாது. பூசாரி பொங்கியண்ணன் ஒத்துக்கமாட்டான்."

"அப்ப ரெண்டாவது கேள்வி பாக்கி இருக்குதுங்க."

"எது?"

"யாருக்குன்னு. எடுக்கலாமான்னுதான் கேட்டிருக்கறீங்க. படிச்சுப்போட்டு யாரு பக்கம் நிக்கறதுன்னு கேக்கலீங்களே."

அவர் சிரித்தார். "கோர்ட்டுக்குப் போறதுக்கு முந்தியே ஆரம்பிச்சுட்டயா? அதை எதுக்குக் கேக்கோணும்? அப்பன் பக்கந்தான்."

"அம்மனுக்கும் அதே நெனப்பான்னு தெரியோணுமில்லீங்களா? வாங்க போலாம். தனபால் பக்கம் என்ற புள்ள நிக்கலாமான்னு கேளுங்க. சிவப்பு வந்தா இந்தக் கோட்டுல வரின்னு எழுதிப்போடறேன். வாழ்நாளைக்கும் இந்தப் பேச்சு எடுக்கமாட்டேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று, இரண்டு பொட்டலம். பாதிக்குப் பாதி. சிவப்பு வந்தால் சொன்னபடி செய்யத்தான் வேண்டும்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். மகள் கேட்ட பிறகு மறுத்தால் அம்மனையே சந்தேகப்பட்டதாகிவிடும். எம்80 வண்டியை எடுத்தார். அவள் பின்னால் உட்கார்ந்தாள்.

அவர்கள் வீட்டில் பூக் கேட்காமல் எதுவும் நடந்ததில்லை. ஆழ்குழாய் போட்டது, அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தது, பதினாறு தறி வாங்கியது எல்லாம் பூக் கேட்டுத்தான். வெள்ளரளியையும் செவ்வரளியையும் தனித்தனியே வாழையிலைத் துண்டில் பொதிந்து அம்மன் காலடியில் போடுவார்கள். கேள்வியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை என்றால் செய்யலாம். சிவப்பு என்றால் விட்டுவிட வேண்டும். வந்த பூவை மீறியவர்கள் ஊரில் யாரும் இல்லை.

பொங்கியண்ணன் பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார். காற்றில் ஒன்று புரண்டது. அதை விரலால் அழுத்திக்கொண்டார்.

"கேள்வியச் சொல்லுங்க மாமா."

செங்கோடன் கைகூப்பி நின்றார். வாய் திறந்தது. மூடிக்கொண்டது. லோகப்பிரியா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பொட்டலங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"சத்தமாச் சொல்லுங்க மாமா, காத்துல கேக்கலை."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலைடா."

சட்டைக் காலர் படபடவென்று அடித்தது. பிறகு கூப்பிய கையை இறக்கினார்.

"வேண்டாம் பொங்கியண்ணா. எடுத்துரு."

"போட்ட பூவப் பிரிக்காம எடுக்கறதாங்க? நாஞ் சாமி கும்புட ஆரம்பிச்ச நாள்லருந்து இப்படி ஒருத்தரும்..." அவர் முடிப்பதற்குள் செங்கோடன் வெளியே போய்விட்டார். பூசாரி அவள் பக்கம் திரும்பினார். "அம்மணி, நீங்களாச்சும் கேட்டுப்போடுங்க. பூவு சும்மா கெடக்கக் கூடாது."

அவள் கேட்டிருக்கலாம். எந்தப் பொட்டலம் என்று கைகூடக் காட்டியிருக்கலாம். அப்பா வண்டியை உதைக்கும் சத்தம் கேட்டது. முதல் உதையில் கிளம்பவில்லை. சிவப்பு வந்தாலும் தன்னால் வரி என்று எழுத முடியாது என்பது அந்த நிமிடத்தில் அவளுக்குத் தெரிந்துபோனது. அப்படி இருக்கும்போது கேட்பது பொய்.

"எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்கண்ணா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் படிவத்தை எடுத்து அப்பா முன்னால் வைத்தாள். பக்கத்தில் பேனாவையும் வைத்தாள்.

"நீங்க ஒண்ணு நெனச்சுக் கையெழுத்துப் போட்டீங்க. நான் செய்யப் போறது வேறைங்க. கையெழுத்த அடிக்கறதுன்னா இப்பவே அடிச்சுருங்க."

அவர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"தனபாலண்ணன் இங்க வேலையே செஞ்சதில்லைன்னு எழுதியிருக்குது. ஆறு தீவாளிக்கு அவரு கையில துணி குடுத்தது நானு. கூப்பிட்டா போயிச் சொல்லுவேனுங்க. அதுக்கு நான் வக்கீலாகோணும்னு இல்லை. இருவத்திநாலாந்தேதியே சொல்லலாம். எனக்காக வாய்தா வாங்க வேண்டாமுங்கப்பா."

"பெத்த அப்பன் மேலயா?"

"உங்க மேல இல்லீங்க. அந்தத் தாள்ல எழுதியிருக்கறது மேல."

"அந்தத் தாள் யாரு? நாந்தான்."

அவர் பேனா மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். கையெழுத்தின் மேல் முள் ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. பிறகு பேனாவைத் திறந்தபடியே வைத்துவிட்டுத் தறிக் கொட்டகைக்குப் போனார்.

படிவத்தின் ஓரம் காற்றில் எழும்பியது. நஞ்சம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அதை எடுத்தாள். மகளுடைய பையைத் திறந்து முறுக்கு டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

"காத்துல போயிரும் கண்ணு" என்றாள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு அவள் தனியாகத்தான் நடந்தாள். கொட்டகை வாசலில் அப்பாவின் வண்டி நின்றது. அவர் வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு அலுவலகச் சன்னலில் படிவத்தை நீட்டினாள். எழுத்தர் கோவிந்தராஜுலு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"கோடு காலியா இருக்கேம்மா."

"இதோ எழுதறேங்க சார்."

சன்னல் விளிம்பில் வைத்து எழுதினாள். மெலிந்த இடத்தில் மை பரவியது. தொழிலாளர் என்பதில் பாதி எழுத்து வீங்கிக்கொண்டது.

"தாளையே கரச்சுக் கொண்டாந்திருக்கியே. அழிச்சு அழிச்சுப் படிச்சியா? வேற படிவம் தரட்டுமா?"

"வேண்டாங்க சார். இதுல அப்பா கையெழுத்து இருக்குது."

அவர் முத்திரை குத்தி உள்ளே போட்டுக்கொண்டார்.

இஸ்மத் வாசலில் காத்திருந்தாள். "குடுத்துட்டியா? அல்லாவே, ஒரு வழியாச்சு. உங்க அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னுதானே அர்த்தம்?"

"தெரியலைடி."

"எப்பத்தான் தெரியும்?"

"இருவத்திநாலாந்தேதி பத்து மணிக்கு."

"அன்னைக்கு நமக்குப் புது வகுப்பு. உனக்கு முதல் பீரியடே லேபர்தான்."

"நான் வரமாட்டேன்" என்றாள் லோகப்பிரியா. மருதமலையிலிருந்து பஸ் வந்தது. ஏறினாள். உட்கார இடம் இருந்தது. காந்திபுரம் வரை நின்றுகொண்டே போனாள்.